காரணமின்றி நடக்கும் உரிமை

நகரத்தில் நடத்தலை ஆய்வுப் பொருளாகக் கொண்ட எழுத்துகளில் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸிலிருந்தே தம் வரலாற்றைத் தொடங்குகின்றன. அவசரமின்றித் தெருக்களில் உலவி, கூட்டத்தினுள் இருந்துகொண்டே கூட்டத்தை வேடிக்கை பார்க்கும் ஆடவனைப் பிரெஞ்சு மொழியில் 'ஃப்ளானர்' என்பர். கவிஞர் ஷார்ல் போதலேர் 1863இல் வெளியான கட்டுரையொன்றில் அவனை நவீன வாழ்வின் ஓவியனோடு இணைத்துக் காட்ட, ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1927 முதல் திரட்டி, 1940இல் இறக்கும்வரை முடிக்க இயலாமற்போன குறிப்புகளில், கண்ணாடிக் கூரையிட்ட பாரிஸ் கடைவீதிகளினூடே அவனைப் பின்தொடர்ந்து, முதலாளித்துவ நகரத்தின் இயல்பை விளக்க முற்பட்டார்.

பிரெஞ்சு அறிஞர் மிஷேல் தெ செர்த்தோ 1980இல் வெளியிட்ட நூல் இவ்விவாதத்தை வேறு திசைக்குத் திருப்பியது. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 110ஆம் தளத்திலிருந்து நோக்குபவருக்கு நகரம் ஒரு வரைபடமாக முழுமையாகப் புலப்பட, கீழே நடப்பவர்களோ அப்படத்தைக் காணாமலேயே குறுக்குவழிகளாலும் சுற்றுவழிகளாலும் அதைத் தமக்கேற்ப ஆக்கிக்கொள்கிறார்கள் என்றார் அவர். திட்டமிடுவோர் வகுத்த இடத்தைப் புழங்குவோர் தமதாக்கிக்கொள்கின்றனர் என்னும் இக்கருத்து வலிமையானதே. ஆயினும் செர்த்தோவின் நடையர்களுக்குப் பாலோ நிறமோ சாதியோ இல்லை என்பது அதன் பெருங்குறை.

அக்குறையைப் பெண்ணிய ஆய்வாளர்களே முதலில் ஆழமாக எதிர்கொண்டனர். நவீனத்துவ இலக்கியத்தில் பெண் ஃப்ளானருக்கு இடமே இல்லை என்று ஜேனட் உல்ஃப் 1985இல் சுட்டினார். மும்பையை முன்வைத்து ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவரும் 2011இல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூல், பொதுவெளியில் பெண் இருப்பதற்கு எப்போதும் ஒரு காரணத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது என்பதை நுணுக்கமாக விவரிக்கிறது. கைப்பையை மார்போடு அணைத்தபடியோ, கைபேசியில் பேசியபடியோ, எங்கோ போய்ச் சேர வேண்டியவளைப் போல விரைந்து நடந்தால்தான் அவளுடைய மரியாதை காப்பாற்றப்படுகிறது. ஆகவே அந்நூல் கேட்பது பாதுகாப்பை மட்டுமன்று, காரணமின்றிச் சும்மா நிற்கவும் உலவவும் உள்ள உரிமையை. தமிழ் வாசகருக்கு இவ்வேறுபாடு புதிதுமன்று: சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கிறான், கண்ணகி அத்தெருக்களைச் சுற்றி வருவதோ, கணவன் கொலையுண்டபின், ஒற்றைச் சிலம்போடு நீதி கேட்டுத்தான்.

நிறம் குறித்து இதே கேள்வியை எழுப்பியவர் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் வளர்ந்த கறுப்பின எழுத்தாளர் கார்னெட் கடோகன். இரவெல்லாம் சொந்த ஊரில் நடந்து பழகிய அவர், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் காவலர் ஐயுறாதபடி வெளிர்நிறச் சட்டையைத் தேர்ந்து அணியவும், தெருவில் ஓடாமலிருக்கவும் கற்றுக்கொண்டதை எழுதியுள்ளார்.

ஆய்வுமுறையிலும் மாற்றம் நேர்ந்துள்ளது. குடியிருப்பவரின் அன்றாட வழிகளில் அவரோடு கூடவே நடந்து, போகிற போக்கில் உரையாடித் தகவல் பெறுவதை 'உடன்நடை நேர்காணல்' எனலாம். சமூகவியலாளர் மார்கரெட் குசன்பாக் 2003இல் இதனை முறைப்படுத்தி விளக்கினார். எனினும் பிழைப்புக்காக நடப்போருக்கு இத்துறை இன்னும் போதிய இடம் தரவில்லை. தள்ளுவண்டியில் கீரை விற்பவருக்கு எந்த வீட்டில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார், தண்ணீர் கேட்டால் எந்தக் கதவு திறக்கும், எந்தத் திருப்பத்தில் வண்டியை அப்புறப்படுத்தச் சொல்வார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. இந்தியாவில் 2014இல் இயற்றப்பட்ட தெருவோர வியாபாரிகள் சட்டம் நடமாடி விற்போரையும் தன் வரையறைக்குள் சேர்த்துக்கொண்டது. அப்படியிருக்க, நகரத்தை நடந்து அறிந்தவர்கள் என்ற மதிப்பை ஆய்வுலகம் அவர்களுக்கு அளிக்கத் தயங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.