சேணத்தில் ஏறிய ஈயம்

1986-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து லாங்ஷாம்ப் திடலில் ஆர்க் டி டிரியோம்ஃப் பந்தயத்தை வென்று கண்டவர்களைப் பிரமிக்க வைத்த டான்ஸிங் பிரேவ் என்னும் புரவி, 1999-இல் ஜப்பானில் உயிர்நீத்துப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர், 2013 ஜனவரியில், ஒரு காலடிகூட எடுத்து வைக்காமலே மூன்று பவுண்டு தரம் தாழ்ந்தது. குதிரைகளுக்குச் சர்வதேசத் தரம் நிர்ணயிக்கும் அதிகாரிகள் பழைய ஏடுகளைப் புரட்டி, முந்திய தலைமுறைக் கணக்குகள் சற்றுத் தாராளமாகவே போடப்பட்டன என்று அபிப்பிராயப்பட்டு, அதற்கிருந்த 141 என்னும் எண்ணை 138 ஆக்கினார்கள். அதன் விளைவாக, முந்திய ஆண்டு 140 என்று மதிக்கப்பட்டிருந்த ஃபிராங்கெல் உலகத்தின் தலைசிறந்த குதிரையாயிற்று. மனிதர்களின் உலகில் இறந்தவர்களுடைய கீர்த்தி ஏறுவதும் இறங்குவதும் சகஜந்தான் என்றாலும், பவுண்டுக் கணக்கில் அதை இவ்வளவு துல்லியமாகக் குறைக்கும் சாமர்த்தியம் பந்தய நிர்வாகிகளுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது.

நான் அவர்களைப் பரிகாசம் செய்வதாக வாசகர்கள் எண்ண வேண்டாம். ஒரு குதிரையின் தரம் என்பது அது தோற்கடித்த குதிரையின் தரத்தைச் சார்ந்தது. தோற்ற குதிரையின் தரமோ அது வேறொரு நாள் வேறொரு திடலில் யாரை வென்றது, யாரிடம் தோற்றது என்பதைச் சார்ந்தது. இப்படியாகச் சங்கிலியின் வளையங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு போகையில், ஒரே காலத்தில் ஓடியவற்றை ஒப்பிடும் வரையில் அந்தச் சங்கிலி உறுதியாகவே நிற்கிறது. ஆனால் 1920-இல் ஓடிய குதிரையையும் 2012-இல் ஓடிய குதிரையையும் அதே சங்கிலியால் பிணைக்க முயலும்போது, இடையிலே வளையங்களுக்குப் பதிலாக அநுமானங்களைக் கோத்துவிட நேருகிறது. ஆகவேதான் அபிமானிகள் இந்தக் கணக்கை விட்டுவிட்டுக் கடிகாரத்தைச் சரணடைகிறார்கள்.

கடிகாரம் பொய் சொல்லாது என்பார்கள். 1973-ஆம் ஆண்டு பால்டிமோர் நகரத்துப் பிம்லிகோ திடலில், அமெரிக்க மும்முடியின் இரண்டாம் கட்டமான பிரீக்னஸ் பந்தயத்தைச் செக்ரெட்டேரியட் வென்றபோது, மின்சாரக் கடிகாரம் 1 நிமிஷம் 55 வினாடி என்றது. திடலின் அதிகாரபூர்வமான கணிப்பாளர் தம் கைக்கடிகாரத்தில் 1 நிமிஷம் 54 2/5 வினாடி என்றார். பந்தயப் பத்திரிகையின் ஆட்களோ 1 நிமிஷம் 53 2/5 வினாடி என்று சாதித்தார்கள். பழைய படச்சுருள்களை நவீன சாதனங்களால் ஆராய்ந்து மேரிலாந்து பந்தய ஆணையம் 1 நிமிஷம் 53 வினாடி என்று தீர்ப்பளித்தது 2012-இல். அதாவது, ஒரு ஓட்டத்தின் நேரம் இன்னதென்று நிச்சயிக்க 39 ஆண்டுகள் பிடித்தன. அதோடு, மண் திடலில் மழைக்கு முன்னும் பின்னும் ஒரே குதிரையின் வேகம் மாறும். ஆங்கில நாட்டுப் புல்தரையில் மேடு பள்ளங்களும் வளைவுகளும் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே கடிகாரத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினாலும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடலாகாது.

அந்தக் குறுக்கு விசாரணையில் தப்பிப் பிழைத்த சாட்சியம் ஒன்று உண்டென்றால், அது அதே ஆண்டு ஜூன் 9-ஆம் தேதி நியூயார்க்கின் பெல்மாண்ட் திடலில் நிகழ்ந்ததுதான். ஐந்தே குதிரைகள், ஒன்றரை மைல். பிரதிவாதி ஷாம் என்னும் குதிரை. அதை அலட்சியமாக எண்ணுவதற்கில்லை, ஏனென்றால் ஐந்து வாரங்களுக்கு முன்பு கெண்டக்கி டெர்பியில் செக்ரெட்டேரியட் 1 நிமிஷம் 59 2/5 வினாடியில் வந்து புதிய சாதனை படைத்தபோது, இரண்டரை லெங்த், அதாவது இரண்டரைக் குதிரையின் உடல் நீளம், பின்னால் வந்து தோற்றது அதுவே. ஐந்து லெங்த்துக்கு ஒரு வினாடி என்ற அமெரிக்க வழக்கத்தின்படி கணக்கிட்டால், ஷாமும் இரண்டு நிமிஷத்துக்குள் ஓடிவிட்டது என்றாகும். வேறு எந்த ஆண்டிலாவது பிறந்திருந்தால் டெர்பி மாலை அதன் கழுத்தில் விழுந்திருக்கும். அந்த டெர்பியில் ஒவ்வொரு கால் மைலையும் முந்திய கால் மைலைவிடக் குறைந்த நேரத்தில் ஓடி, முதல் கால் மைலுக்கு 25 1/5 வினாடியும் கடைசிக் கால் மைலுக்கு 23 வினாடியும் எடுத்துக்கொண்டது செக்ரெட்டேரியட். களைப்பு என்பதே ஓட்டத்தின் நியதியாயிருக்க, இது அந்த நியதியைத் தலைகீழாக்கியது.

பெல்மாண்டிலோ அது வேறு விதமாக ஓடிற்று. தொடக்கத்திலேயே ஷாமும் அதுவும் ஜோடியாகப் பாய்ந்து, முதல் முக்கால் மைலை 1 நிமிஷம் 9 4/5 வினாடியில் கடந்தபோது, பார்த்தவர்களில் அநுபவசாலிகள் பலர் ஜாக்கி ரான் டர்காட் மதியிழந்துவிட்டார் என்றே நினைத்தார்கள். ஒன்றரை மைல் பந்தயத்தின் பாதியில் இவ்வளவு சக்தியைச் செலவழித்த குதிரை மீதிப் பாதியில் தள்ளாட வேண்டும் என்பதுதான் நியாயம். ஷாம் அந்த நியாயத்துக்குக் கட்டுப்பட்டது. பின்வாங்கி, பின்வாங்கி, இறுதியில் கடைசியாக வந்தது. செக்ரெட்டேரியட் மட்டும் தன்னந்தனியாக ஓடி, ஒன்றே கால் மைலை 1 நிமிஷம் 59 வினாடியில், அதாவது தன்னுடைய சொந்த டெர்பி சாதனையையும் வழியிலேயே முறியடித்துக்கொண்டு, கடந்து, 2 நிமிஷம் 24 வினாடியில் முடித்தது. இரண்டாவது குதிரை 31 லெங்த் பின்னால். அன்று வென்றவர்களின் இரண்டு டாலர்ச் சீட்டுகளில் 5,617 சீட்டுகள், பணம் வாங்கப்படாமல் ஞாபகார்த்தமாகப் பெட்டிகளில் பத்திரப்படுத்தப்பட்டன. இரண்டு டாலருக்கு இருபது சென்ட் லாபமே கிடைக்கும் என்பதால் தியாகம் பெரிதல்ல என்று லோபிகள் சொல்லக்கூடும்.

இந்த 2 நிமிஷம் 24 வினாடியை ஏன் நம்புகிறேன் என்றால், அதற்குப் பிறகு அதே திடலில், அதே தூரத்தில், நல்ல நல்ல குதிரைகள் ஓடியும் 1989-இல் ஈஸி கோயரும் 1992-இல் ஏ.பி. இண்டியும் 2 நிமிஷம் 26 வினாடிக்குமேல் நெருங்க முடியவில்லை. உணவும் மருத்துவமும் பயிற்சியும் விருத்தியாகியிருக்க, மனித ஓட்டக்காரர்கள் பத்தாண்டுக்கொரு முறை பழைய சாதனைகளைத் தகர்த்துக்கொண்டிருக்க, குதிரை மட்டும் அரை நூற்றாண்டாக அந்த எண்ணின் முன் மண்டியிட்டு நிற்கிறது. ஆகவே, “ஒரே ஒரு மாலைப் பொழுதில் மிக வேகமாக ஓடியது எது?” என்று கேட்டால், விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் மகத்துவம் என்பது அந்தக் கேள்வியா?

இந்த இடத்தில் மேன் ஓ வாரின் பக்தர்கள் எழுந்து நிற்பார்கள். 1917-இல் பிறந்து, 21 ஓட்டங்களில் 20 வென்ற அந்தச் செம்பழுப்புக் குதிரையை, 1999-இல் அமெரிக்கப் பந்தயப் பத்திரிகையான பிளட் ஹார்ஸ் கூட்டிய நிபுணர் குழு நூற்றாண்டின் முதற்குதிரையாகவும், செக்ரெட்டேரியட்டை இரண்டாவதாகவும் தேர்ந்தெடுத்தது. அதன் புகழில் பெரும்பங்கு வெற்றியின் இடைவெளியைப் பற்றியது: 1920-இல் லாரன்ஸ் ரியலைஸேஷன் பந்தயத்தில் சுமார் நூறு லெங்த் வித்தியாசத்தில் வென்றது என்று இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். எதிர்த்து ஓடியது ஒரே குதிரை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு பெல்மாண்டிலும் எதிரி ஒன்றேதான். அது பிறந்த ஆண்டில் வட அமெரிக்கா முழுவதிலும் பிறந்த பந்தயக் குட்டிகள் 2,000-க்கும் குறைவு. செக்ரெட்டேரியட் பிறந்த 1970-இலோ 24,000-க்கு மேல். இடைவெளி என்பது வென்றவனின் பலத்தைக் காட்டுவதைவிடத் தோற்றவனின் பலவீனத்தையே அதிகம் காட்டும்.

எனவே நூறு லெங்த்தை ஒதுக்கிவிட்டு, அதே ஆண்டு ஜூலையில் அக்விடக்ட் திடலில் நடந்த டுவையர் பந்தயத்தைப் பார்க்க விரும்புகிறேன். அங்கும் எதிரி ஒன்றுதான். ஆனால் அது ஜான் பி. கிரியர். அதன் முதுகில் 108 பவுண்டு, மேன் ஓ வாரின் முதுகில் 126. பதினெட்டுப் பவுண்டு சலுகையோடு கிரியர் ஆரம்பம் முதல் தோளோடு தோள் உரசி வந்து, கடைசி நேர்ப்பாதையில் ஒரு கணம் தலையை முன்னே நீட்டியே விட்டது. ஜாக்கி கிளாரென்ஸ் கும்மர் சவுக்கை எடுத்தார். அதுவரையில் சவுக்கின் அவசியத்தை அறியாத குதிரை அதற்குப் பதில் சொல்லி மீண்டும் முந்தியது. ஒன்பது பர்லாங்குக்கு 1 நிமிஷம் 49 1/5 வினாடி, அமெரிக்க சாதனை. நெருக்கடியில் ஒரு குதிரை என்ன செய்கிறது என்பதை அறிய இதைவிடச் சிறந்த பரீட்சை கிடைக்காது. அதன் ஒரே தோல்வியும், 1919 ஆகஸ்டில் ஸரடோகாவில், 115 பவுண்டு சுமந்த அப்ஸெட்டிடம் 130 பவுண்டு சுமந்து ஏற்பட்டது. இன்றைய இரும்புக் கதவுகள் இல்லாத அந்தக் காலத்தில், கயிற்றுத் தடை உயர்ந்தபோது அது சரியாகத் திரும்பி நிற்கவுமில்லை. இரண்டு வயதுக் குட்டிக்கு 130 பவுண்டு!

கிண்டித் திடலில் பழகியவர்களுக்கு ஹாண்டிகாப் என்பதை விளக்க வேண்டியதில்லை: திறமை மிகுந்த குதிரையின் சேணத்தில் ஈயத்தை ஏற்றி, எல்லாக் குதிரைகளையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து சேர்க்க அதிகாரி முயலும் ஏற்பாடு அது. கடிகாரமும் இடைவெளியும் குதிரை என்ன செய்தது என்று சொல்கின்றன. ஈயமோ அது எதைச் செய்ய இயலாது என்று தேடுகிறது. மூன்று வயதில் பொடோமாக் ஹாண்டிகாப்பில் 138 பவுண்டு சுமந்து வென்ற மேன் ஓ வார், நான்கு வயதில் எவ்வளவு சுமக்க நேரும் என்று உரிமையாளர் ரிடில் அதிகாரி வாஸ்பர்க்கிடம் விசாரித்ததாகவும், எந்தக் குதிரையும் அதுவரை சுமக்காத அளவு என்ற பதில் கிடைத்ததாகவும், உடனே குதிரைக்கு ஓய்வளிக்கப்பட்டதாகவும் சொல்வார்கள். செக்ரெட்டேரியட்டும் மூன்று வயது முடிவில் லாயத்துக்குத் திரும்பியது. பெல்மாண்டுக்கு முன்பே, பங்கு ஒன்றுக்கு 1,90,000 டாலர் வீதம் 32 பங்குகளாக அது விற்கப்பட்டாகிவிட்டது, அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனை அப்படி. பொலிகுதிரையின் விலைமதிப்பு, ஓடும் குதிரையின் பரீட்சையை நடுவிலேயே நிறுத்திவிடுகிறது.

ஃபிராங்கெல் நான்கு வயதிலும் ஓடிற்று, அந்த மட்டில் அதற்குக் கூடுதல் மதிப்பெண். 14 ஓட்டம், 14 வெற்றி. சர்வதேச அதிகாரிகளுக்குப் புறம்பாகத் தன் சொந்த அளவுகோலில் தரம் போடும் டைம்ஃபார்ம் என்னும் ஆங்கில ஏட்டில் 147, அந்த ஏட்டின் சரித்திரத்திலேயே உச்சம். அதனிடம் ஐந்து முறை தோற்ற எக்ஸலபிரேஷன், அது இல்லாத இடங்களில் முதல்தரப் பந்தயங்களை வென்று, தோற்றதில் அவமானமில்லை என்று நிரூபித்தது. 1972-இல் பிரிகேடியர் ஜெரார்ட் தன் 18 ஓட்டங்களில் ஒரே தடவையாக ராபர்ட்டோவிடம் மண்ணைக் கவ்விய அதே யார்க் பந்தயத்தை, 2012-இல் இது 7 லெங்த் வித்தியாசத்தில் விளையாட்டாக வென்றது. எனினும் ஹாண்டிகாப்பின் ஈயம் அதன் முதுகைத் தொட்டதில்லை. ஆங்கில மண்ணை விட்டு வெளியே போனதுமில்லை. பத்தரை பர்லாங்குக்கு மேல் அதை யாரும் ஓடச் சொல்லவுமில்லை. கேட்டதையெல்லாம் செய்தது, கேட்டவர்கள்தாம் கொஞ்சமாகக் கேட்டார்கள்.

நான் ஒப்பிட எடுத்துக்கொண்ட நான்கு குதிரைகளில் கடைசியான ஃபார் லாப்பின் கதை வேறு. நியூஸிலாந்தில் பிறந்து 160 கினிக்கு வாங்கப்பட்ட அது காயடிக்கப்பட்ட குதிரை; ஆகவே லாயத்தில் அதற்காகக் காத்திருந்த செல்வம் எதுவுமில்லை, ஓடுவதைத் தவிர அதற்கு வேறு உபயோகமும் இல்லை. 1930 நவம்பரில், யாரோ ஒருவன் துப்பாக்கியால் சுட முயன்ற அதே நாள் பிற்பகல் ஒரு பந்தயத்தையும், மூன்று நாள் கழித்து மெல்போர்ன் கோப்பையையும், அந்த வாரத்திலேயே மேலும் இரண்டு பந்தயங்களையும் வென்றது. கோப்பையில் அது சுமந்தது 9 ஸ்டோன் 12 பவுண்டு, அதாவது மேன் ஓ வார் சுமந்த அதே 138; தூரமோ இரண்டு மைல். மறு ஆண்டு அதிகாரி 10 ஸ்டோன் 10 பவுண்டு ஏற்றினார். 150 பவுண்டோடு அது எட்டாவதாக வந்தது; வென்ற ஒயிட் நோஸின் முதுகில் அதைவிட 54 பவுண்டு குறைவு.

அந்த எட்டாம் இடத்தைக் குறையென்று எண்ணுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மற்ற மூன்றுக்கும் எல்லை எங்கே இருந்தது என்பதை உடைமைக்காரர்கள் நம்மை அறியவிடவில்லை. இதற்கு மட்டும் 138-க்கும் 150-க்கும் இடையில் எங்கோ இருந்தது என்று திட்டமாகத் தெரியும். அதற்குப் பிறகு நாலரை மாதத்தில், பசிபிக் சமுத்திரத்தைக் கப்பலில் கடந்து, மெக்ஸிகோவின் அகுவா கலியென்டே திடலில், பழக்கமில்லாத மண் தரையில், பிளந்த குளம்போடு, 129 பவுண்டு சுமந்து, திடலின் சாதனையை முறியடித்து வென்றது. அங்கே கூடியிருந்தவை அமெரிக்காவின் உத்தமமான குதிரைகள் அல்ல என்ற ஆட்சேபம் நியாயமானதே. அந்நாளைய அமெரிக்கக் குதிரைகளில் தலைசிறந்த ஈக்விபாய்ஸோடு ஒரு முறை மோதவிட்டுப் பார்த்திருக்கலாம். பதினாறாம் நாள் கலிபோர்னியாவில் அது இறந்துபோனதால் அதற்கு வழியில்லாமற் போயிற்று. இருந்தும், ஓடிய 51-இல் வென்ற 37-ஐ வைத்துக்கொண்டே என் பட்டியலில் முதலில் ஃபார் லாப்பை எழுதுகிறேன், அடுத்து, டுவையர் பந்தயத்துக்காகவும் ஸரடோகாவில் தோற்றதற்காகவும் மேன் ஓ வார், மூன்றாவது செக்ரெட்டேரியட். 147 என்ற எண்ணோடு ஆங்கிலேயர்கள் சண்டைக்கு வருவார்களானால், ஃபிராங்கெல்லின் சேணத்தில் ஒரு தடவையாவது 138 பவுண்டு வைத்து இரண்டு மைல் ஓட்டியிருக்கக் கூடாதா என்று அவர்களைக் கேட்பேன்.