ஊர் நகரமாகும் கணக்கில் பெண்கள் எங்கே?

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் எல்லாமே பேரூராட்சிகள். ஆனா வரவேற்பு போர்டைத் தாண்டினா வயலும் வாய்க்காலும்தான். அப்போ இதெல்லாம் கிராமமா, நகரமா? இதுக்கு அரசு வைத்திருக்கும் இரண்டு வரையறைகளை வரி வரியாகப் படித்துப் பார்த்தேன்.

முதலாவது, சென்சஸ் வரையறை. மக்கள்தொகை 5,000 இருக்கணும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் இருக்கணும். முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்கணும். இந்த மூன்றும் இருந்தால், நிர்வாகத்தில் ஊராட்சியாகவே இருந்தாலும், அது 'சென்சஸ் டவுன்'. 2011 கணக்கில் தமிழ்நாட்டில் இப்படி 376 ஊர்கள்.

மூன்றாவது நிபந்தனையில் ஒரு சொல் ஒளிஞ்சிருக்கு: 'ஆண்'. முக்கால்வாசி என்பது ஆண் உழைப்பாளர்களில் மட்டும்தான்.

நம்ம பக்கத்தில் இதைப் பொருத்திப் பாருங்க. பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதில் பெரும்பங்கு பெண்களுடையது. முக்கூடல், மேலப்பாளையம் வீடுகளில் பீடி சுற்றுவதும் பெண்கள்தான். இது விவசாயம் இல்லாத வேலை. ஆனாலும் கணக்கில் வராது. மறுபக்கம், ஆற்றுப்பாசன வயலில் நடவும் களையெடுப்பும் பெண்கள் வேலை. அதுவும் வராது. வீட்டு ஆண் டிரைவராகவோ கொத்தனாராகவோ போயிட்டா, அவர் மனைவி நாற்று நட்டுக்கொண்டிருந்தாலும் ஊர் நகரத்தை நோக்கி நகர்ந்துவிட்டது என்றுதான் கணக்கு சொல்லும். பெண்களின் வேலை சரியாகப் பதிவாவதில்லை என்பதற்காக அவர்களை விட்டுவிட்டதாக ஒரு சமாதானம் உண்டு. பதிவைச் சரிசெய்யாமல் ஆளையே நீக்குவது என்ன தீர்வு? எங்க தொழிலில் இப்படிச் செய்தா, பிழையைத் திருத்தாம டெஸ்ட்டை அழிச்சிட்டான்னு திட்டுவாங்க.

சென்சஸ் டவுன் ஆனதால் மட்டும் யாருக்கும் எதுவும் பறிபோகாது. சட்டப்படி நகரமாக்குவது இரண்டாவது வரையறை: 1992-ல் 74-வது திருத்தத்தில் வந்த அரசியலமைப்பின் 243க்யூ பிரிவு. மக்கள்தொகை, அடர்த்தி, வருவாய், விவசாயம் அல்லாத வேலைவாய்ப்பின் சதவீதம், பொருளாதார முக்கியத்துவம், இன்ன பிற காரணிகளைப் பார்த்து மாநில அரசு அறிவிக்கலாம். நல்ல பட்டியல்தான். ஊர் மக்களின் சம்மதம் மட்டும் அதில் இல்லை.

சம்மதம் ஏன் முக்கியம்? நகரமானால் விளக்கு, சாக்கடை, குடிநீருக்குப் பணம் வரும், மறுக்கவில்லை. ஆனால் கிராமப்புறத்துக்கு மட்டுமேயான வேலை உறுதித் திட்டம் போகும். அந்த வேலைக்குப் போறவங்க பெரும்பாலும் பெண்கள். கிராம சபையும் போகும். நகரத்துக்கு வார்டு கமிட்டி உண்டு என்பார்கள். அரசியலமைப்பு அதைக் கட்டாயமாக்குவது 3 லட்சம் பேருக்கு மேல் உள்ள இடத்தில்தான். தமிழ்நாட்டு நகரங்களில் ஏரியா சபை கூடத் தொடங்கியதே 2022 நவம்பரில். 1994-ல் மூன்று நகராட்சிகளையும் தச்சநல்லூர் பேரூராட்சியையும் சில ஊராட்சிகளையும் சேர்த்துத் திருநெல்வேலி மாநகராட்சி உருவானது. அந்தக் கணக்கில், இங்கே ஏரியா சபை வர 28 வருஷம்!

நகரமாவது இயற்கையான வளர்ச்சி, தடுக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2004-ல் தமிழக அரசு பேரூராட்சிகளைச் 'சிறப்புக் கிராம ஊராட்சி' ஆக்கியது. 2006-ல் 561 ஊர்களை மறுபடியும் பேரூராட்சி ஆக்கியது. இரண்டு வருஷத்தில் வயலும் மாறலை, தெருவும் மாறலை. மாறினது அரசாணை. ஆக இது இயற்கை இல்லை, முடிவு. முடிவு என்றால் யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று கேட்கலாம். 2025 தொடக்கத்தில் மாநகராட்சி இணைப்பு அறிவிப்பை எதிர்த்து, வரி ஏறும், வேலை போகும் என்று பல ஊராட்சி மக்கள் போராடியபோது கேட்டதும் இதைத்தான்.

இரண்டு திருத்தம் போதும். மூன்றாவது நிபந்தனையில் 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பெண்களின் வேலையையும் ஒழுங்காக எண்ணுங்கள். அறிவிப்புக்கு முன்னால் கிராம சபையில் வையுங்கள். அங்கே 'நகரமே வேணும்'னு முடிவானா, தாராளமா ஆகட்டும்.