ஒரே ஒரு ஆள்தான், இலை போடுங்க!

வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மதுரைக்குப் போவார்கள். சிம்மக்கல்லில் கோனார் மெஸ் தோசைக்கல்லில் கறிதோசை வெந்துகொண்டிருக்கும். இவர்களோ லாட்ஜ் கட்டிலில் பழைய பேப்பரை விரித்து, பார்சல் சாம்பார் பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். கேட்டால், "தனியாப் போய் எப்படிங்க உட்கார்றது?" என்பார்கள். முன்பின் தெரியாத முதலாளியிடம் லட்ச ரூபாய் ஆர்டர் பேசி வாங்கிவரத் தெரிகிறது. நாலு இட்லிக்கு முன்னால் ஒற்றை ஆளாக உட்காரத்தான் கூச்சம்!

வேறு வழியில்லாதபோது எப்படிச் சமாளிப்பது என்று சொல்ல நான் வரவில்லை. தனியாகச் சாப்பிடுவதில் ஒரு ருசி இருக்கிறது. துணையோடு போனால் அது கிடைக்காது. நாலு பேராகப் போனால் பேச்சுதான் பிரதானம், சாப்பாடு பக்கவாத்தியம். தனியாகப் போகும்போதுதான் குழம்பில் வறுத்து அரைத்தது எது, பச்சையாக அரைத்தது எது என்று நாக்குக்குத் தெரியவருகிறது.

அடிப்படை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். குழம்பு சூடாக இருக்கும், சர்வருக்கும் அவசரம் இருக்காது. ஒன்றரைக்குப் போனால் உங்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த ஆள் நிற்பார். வாசலில் தயங்காதீர்கள், உள்ளே நுழைந்ததும் ஒரு விரலைக் காட்டுங்கள், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அடுக்களைக் கதவு கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். பை காலுக்கு நடுவில், போன் பைக்குள், சில்லறை சட்டைப் பையில். கை கழுவப் போகும்போது நாற்காலியில் ஒரு கைக்குட்டை. அவ்வளவுதான். இதையே பத்துப் பக்கத்துக்கு நீட்டி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் படிக்கும் நேரத்தில் ஒரு டிபனே முடித்துவிடலாம்.

இனி முக்கியமான விஷயம். கடைகளைச் சைவம், அசைவம் என்று பிரிப்பார்கள், ஏ.சி., நான் ஏ.சி. என்று பிரிப்பார்கள். தனி ஆளுக்கு இந்தப் பிரிவுகளால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: அது பரிமாறும் கடையா, கொண்டுவந்து வைக்கும் கடையா?

வைக்கும் கடை என்றால் மெனு கார்டு இருக்கும். கிரேவி ஒரு கிண்ணம் வாங்கினால் மூன்று பேருக்குக் காணும். அந்தக் கடையின் கணக்கே நாலு பேர் வந்து நாலு அயிட்டம் சொல்லிப் பங்கிட்டுக்கொள்வார்கள் என்பதுதான். ஒற்றை ஆள் போனால் ஒரே கிரேவியை ரொட்டிக்கும் சோற்றுக்கும் தொட்டுக்கொண்டு, முடியாமல் மீதம் வைத்துவிட்டு வரவேண்டும். ஆர்டர் எடுத்துக்கொண்டு போனவர் இருபது நிமிஷம் கழித்து வருவார். வைத்துவிட்டுப் போனால் அப்புறம் பில்லோடுதான் வருவார். அந்த இருபது நிமிஷத்தில்தான் எதிரே மூன்று நாற்காலி காலியாக இருப்பது உறைக்கும், கை தானாகப் போனைத் தேடும். தனியாகச் சாப்பிடுவது கஷ்டம் என்று சொல்கிறவர்களை விசாரித்துப் பாருங்கள்: அனேகமாக எல்லோரும் வைக்கும் கடையில் சூடுபட்டுக்கொண்டவர்களாக இருப்பார்கள். கடையின் அமைப்பால் வந்த சங்கடத்தைத் தங்கள் சுபாவத்தின் குறை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

பரிமாறும் கடையில் அந்த இருபது நிமிஷமே கிடையாது. இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்ததுமே உங்களுக்கு வேலை வந்துவிடும். ஒருவர் பொரியல், கூட்டு, ஊறுகாய் வைத்துக்கொண்டு போவார். பின்னாலேயே சோறு வரும். சோற்றின் நடுவில் விரலால் குழி பறிப்பீர்கள். குழியின் அகலத்தைப் பார்த்துத்தான் சாம்பார் வாளிக்காரர் கரண்டியைச் சாய்ப்பார். நீங்கள் பாதி தாண்டுவதற்குள் அவர் கண் இரண்டு முறை உங்கள் இலைக்கு வந்து போயிருக்கும்.

ரசம் வரும்போது நன்றாகக் கவனியுங்கள். தேர்ந்த சர்வர் ரசத்தை ஊற்றுவதற்கு முன்னால், சோறு போடுகிறவரைக் கண்ணாலேயே உங்கள் இலைக்கு அனுப்பிவிடுவார். அப்புறம் உங்கள் முகத்தைப் பார்ப்பார். "தெளிவா ஊத்துங்க" என்றால் வாளியின் மேலாக மொண்டு ஊற்றுவார். "மண்டியா" என்றால் கரண்டி அடிவரை போய்க் கலக்கிக்கொண்டு வரும். ஒரே வாளிதான், இரண்டு ரசம்! நாலு பேரோடு உட்கார்ந்திருப்பவர் இதைக் கேட்கவே மாட்டார். பேச்சுவாக்கில் எது விழுகிறதோ அதைப் பிசைந்துகொள்வார். நீங்கள் உள்ளங்கையைக் குழித்து நீட்டினால் அதிலும் சர்வர் ஒரு கரண்டி விடுவார். போதும் என்று வாயால் சொல்லக்கூட வேண்டாம், இலைக்கு மேல் கையை விரித்தால் போதும். சர்வருக்குத் தனி ஆளைப் பிடிக்கும் என்பது என் அனுபவம். பேசிக்கொண்டிருக்கும் கும்பலை அவர் ஒவ்வொரு தடவையும் குறுக்கிட்டுக் கேட்க வேண்டும். தனி ஆள் நிமிர்ந்து பார்த்தாலே கணக்கு முடிந்தது.

சந்தேகத்துக்கு இடமான கடைகளும் உண்டு, அவற்றையும் பார்த்துவிடுவோம். கொல்கத்தாவின் பைஸ் ஹோட்டல்களில் மீன், பருப்பு, காய் எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில்தான் வரும். வாழையிலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனியாகக் காசு. பார்த்தால் வைக்கும் கடை மாதிரி தெரியும். ஆனால் அன்றைய அயிட்டங்களைப் பரிமாறுகிறவர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார், நீங்கள் ஒன்று சொன்னால் ஒன்று வரும், கிண்ணமோ ஒரு ஆள் அளவு. ஆகவே அது பரிமாறும் கடை. பெங்களூர் காந்தி பஜாரில் 1943 முதல் நடக்கும் வித்யார்த்தி பவனில் ஒரு கை நிறைய தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவார்கள், தெரியாதவர்களோடுதான் டேபிள். அதுவும் பரிமாறும் கடைதான், தயங்காமல் போகலாம். பெங்களூர் தர்ஷினிகள் இரண்டிலும் சேராதவை. நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போகிற இடத்தில் தனி ஆள் என்ன, குடும்பம் என்ன? கூச்சம் தெளிய நல்ல பயிற்சி, அதற்குமேல் ஒன்றும் இல்லை. திருவனந்தபுரம் தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் வைக்கும் கடைகளில் என் கணக்குக்கு அடங்காத ஒரே கடை. சுருள்சுருளாக மேலேறும் தளம், ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் விடும் செங்கல் சுவர், சுவரை ஒட்டியே கட்டிய மேஜையும் பெஞ்சும். பீட்ரூட் சேர்த்த மசால் தோசையைத் தலைப்பாகைக்காரர் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போகிறார். இருந்தும் அங்கே தனிமை உறைப்பதில்லை. சுவரோடு சேர்த்துக் கட்டிய சின்ன மேஜை, ஒற்றை ஆளையும் குறைத்துக் காட்டாது.

இந்தப் பிரிவினையை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பரிமாறும் கடை பிறந்ததே தனி ஆளுக்காகத்தான். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அடுப்பு மூட்ட வழியில்லாமல் ஒற்றைக் கட்டிலில் குடியிருந்தவர்களை நம்பித்தான் அங்கே மெஸ்கள் வளர்ந்தன. காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து, கிடைத்த நாற்காலியில் உட்காருகிறவர்களைப் பாருங்கள், யாருக்கும் யாரையும் தெரியாது. தெற்கேயிருந்து குமாஸ்தா வேலைக்கும் டைப்பிஸ்ட் வேலைக்கும் பம்பாய்க்கு ரயிலேறிய இளைஞர்களுக்குச் சோறு போட்டது மாட்டுங்கா. அங்கே ஸ்டேஷனை ஒட்டி மாடியில் இருக்கும் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942-ல் ஆரம்பித்தது. பைஸ் ஹோட்டல்களும் அப்படித்தான்: கிராமத்தை விட்டுக் கல்கத்தாவில் ஆபீஸுக்கும் காலேஜுக்கும் வந்தவர்கள் பைசாக் கணக்கில் சாப்பிட்ட இடங்கள். குடும்பங்கள் இந்தக் கடைகளுக்கெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. குழந்தை குட்டியோடு உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரைப் பார்த்து, அவர்கள் இடத்தில் நாம் நுழைந்துவிட்டோமோ என்று கூசுகிறீர்களே, வரலாற்றுப்படி அவர்கள்தான் உங்கள் இடத்துக்கு வந்த விருந்தாளிகள்.

அந்தக் காலத்தில் தனி ஆள் என்றால் ஆண் என்று அர்த்தம். அந்தப் பாக்கி இன்றும் தீரவில்லை. பெண் தனியாக நுழைந்தால் "ஃபேமிலி ரூம் மேல இருக்கு மேடம்" என்று படியைக் காட்டுவார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் போகாதீர்கள். நிறையக் கடைகளில் மாடி என்பது வைக்கும் கடை. சாம்பார் வாளி படியேறாது. நான் கீழேதான், கல்லாவுக்கு நேர் எதிரே உட்காருவேன். உட்காருவதற்கு முன்னால் கல்லாவில் இருப்பவரிடம், "அண்ணே, தென்காசி பஸ் எங்க நிக்கும்?" என்று ஒரு கேள்வி. பஸ் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தாலும் கேட்பேன். அதற்கப்புறம் அந்தக் கடையில் நான் தனியாக வந்த பெண் கிடையாது, தென்காசி பஸ் கேட்ட அக்கா. கை கழுவிவிட்டு வரும்போது, "சீக்கிரம் சாப்பிடுங்கக்கா, ரெண்டு மணிக்கு ஒண்ணு இருக்கு" என்று கல்லாவிலிருந்தே குரல் வரும்.

இப்போது சிலரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் இச்சிரான் என்ற ராமென் கடைகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து, எதிரே திரை போட்டு, பரிமாறுகிறவர் முகமே தெரியாமல் கிண்ணம் நீட்டுகிறார்கள். தனி ஆளின் சொர்க்கம் என்று அதைப் போற்றுகிறவர்கள் தனியாகச் சாப்பிடுவதற்கும் ஒளிந்துகொண்டு சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவர்கள். 'சோலோ டேட்' என்று மெழுகுவத்தி ஏற்றி, எதிர் நாற்காலியில் போனைச் சாய்த்து வைத்து ரீல் எடுக்கிறவர்கள் தனியாகவே இல்லை, பத்தாயிரம் பேரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே மதியத்தில் ஆறு கடை ஏறி இறங்கி, கடைக்கு இரண்டு வாய் வைத்துவிட்டு "வேற லெவல்" என்று சொல்லும் வ்லாகர்களுக்கு மோர் ஊற்றுகிற கட்டம் வரை இலையில் உட்கார்ந்த அனுபவமே இருக்காது. பத்திரிகை விமர்சகர்களும் குறைந்தவர்கள் இல்லை. நாலு பேரோடு போய் நாலு தட்டிலும் கைவைத்துவிட்டு எழுதுகிறார்கள். ஒரு ஆளின் பசியில், ஒரு ஆளின் வயிற்றளவில், ஒரு சாப்பாடு எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்று அவர்கள் ஒருநாளும் எழுதியதில்லை. சாப்பாட்டுக்கு மதிப்பெண் போடத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்கு அதை வரிசையாகச் சாப்பிடத் தெரியவில்லை.

இனி நமக்குள் ஒரு விஷயம். எதிரே முன்பின் தெரியாதவர் உட்கார்ந்தால் என்ன செய்வது என்பதுதான் நிறையப் பேருக்குள்ளே இருக்கும் உண்மையான பயம். எதுவும் செய்ய வேண்டாம். தண்ணீர் ஜக்கை அவர் பக்கம் நகர்த்துங்கள், அறிமுகம் ஆகிவிட்டது. எந்த ஊர், என்ன வேலை என்று ஆரம்பிக்காதீர்கள். பேசித்தான் ஆகவேண்டும் என்றால் இலையைப் பற்றிப் பேசுங்கள். "வத்தக்குழம்பு கேட்டாத்தான் தருவாங்க" என்று ஒரு லாரி டிரைவரோ மருந்துக் கம்பெனி ரெப்போ சொல்வார். கல்லாவுக்குப் பின்னால் மாட்டிய போர்டில் இல்லாத தகவல் அது. வாரம் தவறாமல் அந்த ஊருக்கு வந்து அதே கடையில் சாப்பிடும் ஆளின் ஒரு வாக்கியம், எந்த டாப் டென் பட்டியலையும்விட எனக்குப் பெரிது. அவர் முதலில் எழுந்தால் ஒரு தலையசைப்பு போதும். பெயர் கேட்காமல் பிரிகிற அந்த உறவை நான் மிகவும் மதிக்கிறேன். வீட்டிலும் ஆபீஸிலும் நாம் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்றாக இருந்துகொண்டே இருக்கிறோம். இங்கே கொஞ்ச நேரம் வெறும் பசியுள்ள மனுஷியாக இருக்கக் கிடைக்கிறது.

கடைசியாக, யாரும் சொல்லித்தராத ஒன்று. இரண்டாம் நாளும் அதே கடைக்கு, அதே நேரத்துக்குப் போங்கள். பட்டியலை வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் இதைக் குற்றமாகவே நினைப்பார்கள்: ஒரு வேளைக்கு ஒரு கடை, பார்த்தாயிற்று, டிக் அடித்தாயிற்று. முதல் நாள் நீங்கள் கடையைப் பார்க்கிறீர்கள். இரண்டாம் நாள் கடை உங்களைப் பார்க்கும். "நேத்து மோர் வேணாம்னீங்களே, இன்னைக்கு ஊத்தவா?" என்பார் சர்வர். எத்தனையோ இலைகளுக்கு நடுவே உங்கள் இலை ஒருவர் நினைவில் நின்றிருக்கிறது. கும்பலாகப் போயிருந்தால் அந்தக் கும்பல்தான் ஞாபகம் இருந்திருக்கும், நீங்கள் அல்ல. ஆகவே அடுத்த பயணத்தில் ஓர் ஊரில் இரண்டு மதியங்கள் வாய்த்தால் இரண்டையும் ஒரே கடைக்குக் கொடுங்கள். பட்டியலில் ஒரு கடை குறையும். குறையட்டும்.