டேனிய நெடுந்தொகைகளில் அசைப்பிரிப்பும் சாரியையும்

டேனிய மொழியின் தொகைப் பெயர்கள் இடைவெளியின்றி ஒரு சொல்லாகவே எழுதப்படுவன. அம்மொழியின் நெடுஞ்சொல்லுக்குச் சான்றாகப் பலரும் காட்டுவது ‘ஸ்பெசியாலேகெபிராக்சிஸ்பிளான்லேக்னிங்ஸ்ஸ்டாபிலிசெரிங்ஸ்பெரியோடெ’ என்பதாம். எழுத்தைத் தழுவியே ஈண்டு ஒலிபெயர்த்தோம். உரோமன் எழுத்தில் இது 51 எழுத்தும் 19 அசையும் உடையது. சிறப்பு மருத்துவர் தொழில்நிலையங்களைத் திட்டமிடுதலை நிலைப்படுத்தும் காலம் என்பது பொருள். நீளத்தை வியந்து அமைவார் பலர், வியப்பினாற் பயனில்லை. எவ்விடத்துப் பிரிப்பது என்பதே வினா.

ஒலிவழிப் பிரிப்பும் சொல்வழிப் பிரிப்பும் முரணும் இடங்கள் உள. வேலையிடம் என்னும் பொருட்டாய ‘ஆர்பைட்ஸ்பிளாட்ஸ்’ என்பதை நோக்குக. ‘ஆர்பைடெ’ என்னும் முன்சொல்லின் ஈறு கெட்டு, இடையே ‘ஸ்’ தோன்றிற்று. ‘ஸ்பிள’ என்னும் ஒலிக்கூட்டம் டேனியச் சொன்முதற்கண் வருவதேயாதலின், ஒலி ஒன்றனையே நோக்குவார் அந்த ‘ஸ்’ஸைப் பின்சொல்லொடு கூட்டி மயங்குவர். அது முன்சொல்லின்பாற்பட்டது. வரியிறுதியிற் பிரிக்குங்காலும் ‘ஆர்பைட்ஸ்’ என நிறுத்திப் ‘பிளாட்ஸ்’ என்பதை அடுத்த வரியில் எழுதுதலே முறை.

இவ்விடைநிலையை ஆறாம் வேற்றுமை உருபென்று கொள்வாரும் உளர். டேனியத்தில் அவ்வுருபும் ‘ஸ்’ ஆதலின் அக்கொள்கைக்கு இடமுண்டு. ‘லான்ட்மான்ட்’ உழவன், ‘லான்ட்ஸ்மான்ட்’ ஒரு நாட்டவன். ஓரெழுத்தே பொருளை வேறாக்குகின்றது. இச்சொல் அவர்க்குத் துணையாவதை மறுக்கிலேம். ஆயின் ‘வீன்கிளாஸ்’ என்னும் மதுக்கிண்ணத்தில் ‘ஸ்’ இல்லை. செம்மதுக் கிண்ணமாகிய ‘ரோட்வீன்ஸ்கிளாஸ்’ என்பதில் உண்டு. கிண்ணத்திற்கும் மதுவிற்கும் உள்ள இயைபு இரண்டிடத்தும் ஒன்றே. உருபாயின் முன்னதில் வாராமை என்னை? பின்னதில் முன்சொல்லே ஒரு தொகை. ‘செம்மது’ முதலிற் கூடியது, ‘கிண்ணம்’ பின்னர்ச் சேர்ந்தது என அப்பொருத்து உணர்த்துகின்றது. இது விதியன்று, பெரும்பான்மையே. ‘ஃபோட்போல்ட்காம்ப்’ என்னும் காற்பந்தாட்டப் பெயரில் முன்சொல் தொகையாயினும் ‘ஸ்’ தோன்றவில்லை.

இனி, எகரத்தைப் பன்மை விகுதியென்பார் கூற்று இன்னும் நெகிழ்ச்சியுடையது. ‘ஹுன்டெ’ நாய்கள் என்னும் பன்மையே. எனினும் ‘ஹுன்டெஹுஸ்’ ஒரு நாய்க்குரிய கூடாகவும் அமையும். குழந்தை வண்டி ‘பார்னெவோக்ன்’ எனப்படும். ‘பார்ன்’ என்பதன் பன்மை ‘போர்ன்’, ‘பார்னெ’ அன்று. ‘பார்னெ’ என்னும் வடிவம் இக்காலத்துத் தனித்து வழங்குவதேயில்லை. மழலையர் பள்ளியைக் குறிக்கும் ‘போர்னெஹாவெ’ என்பதிலோ, பன்மையாகிய ‘போர்ன்’ மீதே எகரம் ஏறுகின்றது.

ஆதலின் இவற்றின் பிறப்பு உருபேயாயினும் இன்றைய தொழில் சாரியையே என்பது எம் துணிபு. தொல்காப்பியர் புணரியலிற் சாரியைகளைத் தொகுத்துரைத்தார். ‘புளியங்காய்’ என்புழி ‘அம்’ வேற்றுமைப் பொருள் தாராது இருசொல்லையும் இயைப்பதே போல, ‘பார்னெவோக்ன்’ என்பதன் எகரமும் இயைத்து நிற்கின்றது. இரு மொழிக்கும் உறவு கற்பிப்பது எம் கருத்தன்று; கலைச்சொல்லொன்று பயன்படுமாற்றையே காட்டினோம்.

நெடுஞ்சொல்லிலும் இதனைப் பொருத்திக் காண்க. ‘பிராக்சிஸ்’ ஈற்று ‘ஸ்’ சொல்லுறுப்பு, சாரியையன்று. ‘பிளான்லேக்னிங்ஸ்’ ஈற்றது சாரியை; அதனை அடுத்து நிற்பது ‘ஸ்டாபிலிசெரிங்’ என்பதன் முதலெழுத்து. ‘பெரியோடெ’ என்பதன் முன் நிற்பது மீண்டும் சாரியை.