ஆன்டன் பாய்சன்: விசுவாசமும் மனச்சிதைவும் – ஒரு வாசிப்பு

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வந்தவர்கள் சொல்லும் கிறிஸ்தவ சாட்சிகளைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். பெரும்பாலும் ஒரே அச்சுதான். நோய் வந்தது, ஜெபித்தோம், கர்த்தர் சுகம் கொடுத்தார். நடுவில் என்ன நடந்தது என்ற பகுதி மட்டும் காணாமல் போயிருக்கும். அந்த நடுப்பகுதியையே ஒரு முழுப் புத்தகமாக எழுதியவர் அமெரிக்கப் போதகர் ஆன்டன் பாய்சன் (1876–1965). 1960இல் வந்த அவருடைய தன்வரலாறு ‘அவுட் ஆஃப் த டெப்த்ஸ்’. தலைப்பு 130ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. இதோடு 1936இல் அவர் எழுதிய ‘தி எக்ஸ்ப்ளோரேஷன் ஆஃப் தி இன்னர் வேர்ல்ட்’ என்ற நூலையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் பிடிபடுவார். இரண்டையும் வைத்து என் குறிப்புகள் இவை.

முதலில் ஆள் யார் என்று சுருக்கமாக. இண்டியானா மாநிலம் ப்ளூமிங்டனில் பிறந்தவர். ஏழு வயதில் அப்பா இறந்துவிட்டார். யேலில் வனவியல் படித்து, பிறகு நியூயார்க்கில் இறையியல் படித்துப் போதகரானார். 1920 அக்டோபரில், 44 வயதை நெருங்கும்போது, திரும்பச் சபை ஊழியத்துக்குப் போவதற்காகத் தன் விசுவாச அறிக்கையைத் திருத்தி எழுத உட்கார்ந்தார். எழுதிக்கொண்டிருக்கும்போதே வேறு எண்ணங்கள் புகுந்தன. உலகம் அழியப் போகிறது, தான் நினைத்ததைவிடத் தான் முக்கியமான ஆள், பலவீனமானவர்கள் தங்களையே பலி கொடுத்துவிட வேண்டும். வீட்டார் பாஸ்டனில் மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்து வெஸ்ட்பரோ அரசு மருத்துவமனை. தேறுவதற்கு வழியில்லை என்று குடும்பத்திடம் சொல்லப்பட்டது. ஆனால் சுமார் 15 மாதத்தில், 1922 ஜனவரியில், வெளியே வந்தார்.

வந்தவர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை என்றுதானே நினைப்போம்? 1924இல் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் சாப்ளினாக, அதாவது மருத்துவமனைப் போதகராகச் சேர்ந்தார். அடுத்த கோடையில் நான்கு இறையியல் மாணவர்களை வரவழைத்து, பகலில் வார்டில் உதவியாளர்களாக வேலை செய்ய வைத்துப் பயிற்சி கொடுத்தார். இன்று உலகம் முழுக்க மருத்துவமனைப் போதகர்களுக்குக் கொடுக்கப்படும் பயிற்சியின் விதை அதுதான். நம் வேலூர் சி.எம்.சி.யிலும் அந்த மரபில் பயிற்சி நடக்கிறது.

நூலின் பலம்

விசுவாசத்தை அவர் வெறும் மருந்தாகக் காட்டவில்லை. அவருடைய மருட்சிக்குச் சரக்கு கொடுத்ததே பைபிளும் இறையியலும்தான். உலக முடிவு, பலி, தெரிந்துகொள்ளப்பட்டவன் எல்லாமே அவர் படித்த படிப்பிலிருந்து வந்தவை. அதே விசுவாசம்தான் பின்னாடி அவரைத் தூக்கியும் நிறுத்தியது. இந்த இரண்டையும் ஒரே புத்தகத்தில் மறைக்காமல் வைத்திருக்கிறார். சாட்சி சொல்கிறவர்கள் முதல் பாதியை விட்டுவிடுவார்கள், மதத்தை நோயாகப் பார்க்கிறவர்கள் இரண்டாம் பாதியை விட்டுவிடுவார்கள்.

ஒரு சின்ன விஷயம் அவர் எவ்வளவு கூர்மையாகக் கவனித்தார் என்று காட்டும். நோயாளியாக இருந்தபோது, வெளியிலிருந்து வந்த ஒரு போதகர், இடறல் உண்டாக்கும் கண்ணைப் பிடுங்கி எறியச் சொல்லும் வசனத்தை எடுத்துப் பிரசங்கம் செய்தாராம். கூட உட்கார்ந்திருந்தவர்களில் ஒன்றிரண்டு பேர் அதை அப்படியே செய்துவிடுவார்களோ என்று பாய்சனுக்குப் பயம். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுவது எவ்வளவு ஆபத்து பாருங்க. இதற்கு அவர் கண்ட வழியும் நடைமுறையானது. நோயாளிகளுக்கு ஏற்ற பாடல்களைப் பொறுக்கி 1926இல் ஒரு ஆராதனைப் புத்தகமே போட்டார். பயமுறுத்தும் பாட்டுகளுக்கு அதில் இடமில்லை.

எனக்கு ஒப்பாத இடங்கள்

1936 நூலில், வூஸ்டரில் இருந்த 173 ஆண் நோயாளிகளின் வரலாற்றை வைத்து ஒரு கோட்பாடு கட்டுகிறார். திடீரென்று கொந்தளிப்போடு வரும் சித்தப்பிரமை, காய்ச்சல் மாதிரி. உள்ளே இருக்கும் சிக்கலைத் தீர்க்க மனசு செய்யும் முயற்சி. பவுல், ஜார்ஜ் ஃபாக்ஸ், பன்யன் கடந்து வந்ததும் இதே பாதை. உண்மையை நேருக்கு நேர் பார்க்கிறவர்கள் தேறுகிறார்கள், ஒதுங்கிப் போகிறவர்களும் பழியை அடுத்தவர்மேல் போடுகிறவர்களும் மூழ்குகிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கு. ஆனால் எங்கள் தொழிலில் ஒன்று சொல்லுவோம்: திரும்பி வந்த சர்வரின் லாகை மட்டும் படித்தால், விழுந்த சர்வர் ஏன் விழுந்தது என்று தெரியாது. பாய்சன் திரும்பி வந்தவர். தேறாதவர்களின் வரலாறும் கையில் இருந்தது, ஆனால் அதைத் தன் அளவுகோலால் அளக்கிறார். நோயின் போக்கை ஒருவருடைய நேர்மையின் மதிப்பெண்ணாக மாற்றிவிடுகிறார். அப்படியானால் 20 வருஷமாகப் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவர் கோழையா? உள்ளே சுருங்கிப் போவதே அந்த நோயின் அறிகுறிதானே? வீட்டில் அப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அம்மா இந்த அத்தியாயத்தைப் படித்தால் என்ன ஆவார்? விசுவாசம் குறைவு, அதனால்தான் சுகமில்லை என்று சபையில் யாராவது சொல்வதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

இன்னொன்று. அவருக்கு 1930இலும் 1935இலும் நோய் திரும்ப வந்தது. இரண்டு முறையும் சில வாரங்களில் தெளிந்துவிட்டார். இன்றைய டிஎஸ்எம்-5 அளவுகோலின்படி மனச்சிதைவு என்று சொல்ல அறிகுறிகள் ஆறு மாதமாவது தொடர வேண்டும். அவருக்கு இருந்தது இன்று என்ன பெயர் பெறும் என்பது திறந்த கேள்விதான். அதனால் அவர் தேறியதை எல்லோருக்கும் பொதுவிதியாக்க முடியாது. மூன்று முறையும் மருந்தில்லாத காலம் என்பதையும் மறக்கக் கூடாது. முதல் மருந்தான குளோர்ப்ரோமசின் மனநோய்க்குப் பயன்பட ஆரம்பித்ததே 1952இல்தான். ‘பாய்சன் மாத்திரை இல்லாமல் தேறினார்’ என்று யாராவது சொன்னால், அப்போது மாத்திரையே கிடையாது என்பதுதான் பதில்.

அவருக்குத் துணை நின்ற ஹார்வர்ட் மருத்துவர் ரிச்சர்ட் கேபட், இந்த நோய்க்கு உடலில்தான் காரணம் என்று நம்பியவர். 1930 நோய்க்குப் பிறகு பாய்சன் மாணவர்களுக்குக் கற்பிக்கவே கூடாது என்று நின்றார். காரணத்தைப் பற்றிய வாதத்தில் கேபட் பக்கம் நியாயம் அதிகம், மனிதரை நடத்திய விதத்தில் பாய்சன் பக்கம். நோய் திரும்ப வந்தால் வேலை போகும் என்ற நிலைமை இன்றும் பெரிதாக மாறவில்லையே.

அவரைத் தாங்கியது எது?

கோட்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு வாழ்க்கையைப் பார்த்தால் பதில் எளிமையாகக் கிடைக்குது. ஃப்ரெட் ஈஸ்ட்மன் என்ற நண்பர், நோயாளியாக இருந்தவரோடு சமமான மனுஷனாகக் கடிதத்தில் வாதம் செய்தார், ஃப்ராய்டின் நூலை அறிமுகப்படுத்தினார். பாட்டும் ஆராதனையும் இருந்தன. திரும்பிப் போய்ச் செய்ய ஒரு வேலை இருந்தது. கேட்டதெல்லாம் கடவுள் குரல்தானா என்ற கேள்விக்கு அவர் வைத்த சோதனை, அது ஒருவனை மனிதர்களோடு சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்பதுதான். இந்த ஒரு அளவுகோல், 173 பேர் ஆய்வைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அவர் முழுக்கச் சுகமானவர் இல்லை. பல வருஷம் காதலித்த ஆலிஸ் பேட்செல்டர் அவரை மணக்கவில்லை. அவர் புற்றுநோயால் இறந்த அதே 1935இல்தான் மூன்றாவது முறை நோய் வந்தது. கடைசிவரை தனியாள். 1932 முதல் இலினாய் மாநிலம் எல்ஜின் மருத்துவமனையில் சாப்ளினாக இருந்து, அங்கேயே 1965இல் இறந்தார்.

வீட்டில் இந்த நோய் இருக்கிறவர்கள் முதலில் தன்வரலாற்றைப் படியுங்கள். 1936 நூலுக்குப் பிறகு வரலாம், அதையும் பென்சிலோடு படியுங்கள். மாத்திரையும் மருத்துவரும் ஒரு பக்கம் நடக்கட்டும். ஜெபிக்கிறவர்கள் ஜெபியுங்கள். கூடவே, ஈஸ்ட்மன் செய்தது போல அந்த மனுஷனோடு உட்கார்ந்து பேசவும் செய்யுங்கள்.