மிதிப்போர் சொல்லும் காண்போர் சொல்லும்

சொல்லானது பொருளைக் குறிப்பதோடு அமையாது. சொல்வோன் நிற்கும் இடத்தையும் உடன் காட்டும். ஒரு பொருளைக் கையாள்வோர் இட்ட பெயரும், அதனை அயல்நின்று காண்போர் இட்ட பெயரும் ஒரு தன்மையவாதல் அரிது. மிதிவண்டியைப் பற்றித் தமிழில் வழங்கும் சொற்களையும் தொடர்களையும் இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும். துறை சிறிதேயாயினும், கலைச்சொல்லாக்கம் பற்றி நாம் கொண்டுள்ள கொள்கைகள் சிலவற்றை மீட்டும் எண்ணிப் பார்க்க இஃது இடந்தரும்.

முதற்கண் பெயரை நோக்குவாம். துவிச்சக்கரவண்டி, ஈருருளி, மிதிவண்டி என ஆக்கப்பெயர் மூன்று உள. முன்னிரண்டும் ஆங்கிலப் பெயரின் உறுப்புகளை அவ்வாறே பெயர்த்தமைத்தவை; சக்கரத்தின் தொகையைக் காரணமாகக் கொண்டவை. மூன்றாவது, செலுத்துவோன் வினையைக் காரணமாகக் கொண்டது. மூன்றும் காரணப்பெயரே. எனினும், எக்காரணம் பொருளின் உள்ளியல்பைத் தொடுகின்றது என்பது வினா. 1817இல் செருமானியரான காரல் டிரைசு இயற்றிய ஊர்திக்கும் சக்கரம் இரண்டே. ஆயின் அதில் ஏறியவர் தம் காலால் நிலத்தை உந்தியே சென்றார். 1860களில் பாரிசு நகரில் முன்சக்கரத்தில் மிதிகட்டை பொருத்தப்பெற்ற பின்னரே கால் நிலத்தை விட்டு நீங்கிற்று. சக்கரத்தை எண்ணிப் பெயரிடின் இவ்விரண்டும் வேறுபடா. மிதித்தலால் பெயரிடின் வேறுபடும்.

இன்று தமிழ்நாட்டில் 'இருசக்கர வாகனம்' என்றவுடன் கேட்போர் உள்ளத்தில் தோன்றுவது எஞ்சின் பூட்டிய வண்டியே. எனவே, சக்கரத்தால் வந்த பெயர் தன் பொருளைக் கடந்து பிறவற்றினும் செல்லும் குற்றத்திற்கு ஆளாகின்றது. ஈழத்திலோ துவிச்சக்கரவண்டி என்னும் சொல் செய்தித்தாளிலும் ஆவணங்களிலும் மயக்கமின்றி வழங்குகின்றதே எனின், உண்மை. வழக்கு நிலைபெற்றவிடத்துக் குற்றங்கூறல் முறையன்று. யாம் கூறுவது, புதுவதாகச் சொல் ஆக்குவார் மேற்கொள்ளத்தக்க நெறி பற்றியதே.

இனி, பழுதுபார்க்கும் கடைகளில் வழங்கும் பெடல், செயின், பிரீவீல், மட்கார்டு முதலிய சொற்களை நோக்குவாம். நன்னூலார் தகுதி வழக்கினுள் ஒன்றாக வைத்த குழூஉக்குறியுள் இவற்றை அடக்கலாமோ எனின், அடக்கலாகாது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது பிறர் அறியாமைப் பொருட்டு. கடைக்காரர் 'பிரீவீல் போய்விட்டது' என்பது வண்டிக்குரியவர் அறிதற்பொருட்டு. முன்னது மறைப்பது, பின்னது உணர்த்துவது.

இச்சொற்கள் தமிழ் வினைகளோடு கூடி வாழ்வதும் கருதத்தக்கது. வளைந்த சக்கரத்தின் கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் நேராக்கும் தொழில் 'பெண்டு எடுத்தல்' எனப்படும். இத்தொடர் கடையின் வாயிலைக் கடந்து, 'இவ்வேலை என்னைப் பெண்டு எடுத்துவிட்டது' எனக் களைப்பைக் குறிக்கும் பொதுவழக்கும் ஆயிற்று. சோர்ந்தவனைப் 'பஞ்சர் ஆகிவிட்டான்' என்பதும் அன்னதே.

ஏறுவோர் தாமே படைத்த சொற்களுள் தலைசிறந்தது 'குரங்குப் பெடல்' என்பது. இருக்கையில் அமர்ந்தால் கால் எட்டாத சிறுவன், குறுக்குத்தண்டின் கீழுள்ள இடைவெளியில் ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபுறம் வளைத்து மிதிக்கும் நிலையை இச்சொல் ஓவியம்போல் காட்டும். 2024இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று இதனையே பெயராகக் கொண்டது. சொல்லாக்கக் குழு எதுவும் கூடி இதனை ஆக்கவில்லை.

இவற்றிற்கு மறுதலையாக, மிதிப்போர் உள்ளத்தை உறுத்தும் தொடர்கள் சில உள. அவற்றுள் ஒன்று 'பெண்கள் வண்டி' என்பது. குறுக்குத்தண்டு இல்லாத வண்டிக்கு இப்பெயர். 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக மிதிவண்டி பயின்ற மகளிர் பலர் 'ஆண்கள் வண்டி'யையே விரும்பினர். குறுக்குத்தண்டில் குழந்தையை அமர்த்திச் செல்லலாம் என்பது அவர்தம் காரணம். பெயரிட்டோர் கண்டது மகளிரின் உடையை; அவர்தம் பணியை அன்று.

மற்றொன்று, பள்ளி மாணாக்கர்க்கு அரசு வழங்கும் வண்டிக்கு அமைந்த அடை. 'இலவச' என்பது பெறுவோரைத் தாழ்த்துகின்றது எனக் கருதியோ, 2011க்குப் பின் 'விலையில்லா' என்பது அரசு வழக்காயிற்று. இதனை மங்கல வழக்கு எனலாம். எனினும், அடை மாறியும் அது கொடுப்போர் கணக்கையே கூறுகின்றது. நாள்தோறும் அதனை மிதித்துப் பள்ளிக்குச் செல்லும் மாணவிக்கு அது 'என் வண்டி' என்பதன்றி வேறில்லை.

'சைக்கிள் கேப்பில் ஆட்டோ ஓட்டுதல்' என்னும் பேச்சுவழக்கு, கிடைத்த சிறு இடைவெளியில் புகுந்து காரியம் முடிப்பவனைக் குறிப்பது. அவ்விடைவெளிக்கு உரியவனாகிய மிதிப்போன் அத்தொடரில் யாண்டும் இலன்.

இவற்றினும் கொடியது செய்தித்தாளில் காணும் ஒருவகை வாக்கியம்: 'குறுக்கே வந்த சைக்கிள் மீது லாரி மோதியது.' இதன் இலக்கணத்தை ஆராய்க. 'வந்த' என்னும் பெயரெச்சம், நிகழ்ச்சிக்கு முற்பட்ட பிழையைச் சைக்கிளின்மேல் ஏற்றுகின்றது. 'குறுக்கே' என்னும் சொல், நேர்வழி லாரிக்கே உரியது என்பதை முடிந்த முடிபாகக் கொள்கின்றது. எழுவாயாக நிற்பது லாரி. அதனை ஓட்டியவர் மறைந்தார். ஏறிச்சென்றவரோ வண்டியுள் அடங்கினார். உசாவல் தொடங்குமுன்னரே பெயரெச்சம் ஒன்று தீர்ப்பு வழங்கிவிடுகின்றது. 'சாலையைக் கடந்துகொண்டிருந்த சைக்கிள்காரர் மீது ஒருவர் ஓட்டிவந்த லாரி மோதியது' என எழுதுதற்குத் தமிழில் தடை யாதும் இல்லை.

மிதிவண்டி என்னும் ஆக்கம் எழுத்து வழக்கில் நிலைத்தமைக்கு, அது மிதிப்போர் வினையைத் தன்னகத்துக் கொண்டமை ஒரு காரணமாதல் கூடும். ஆதலின், கலைச்சொல் வகுப்போர் அகராதியை விரிக்குமுன் தொழில் செய்வாரிடம் செவிசாய்த்தல் வேண்டும். முதுகலை மாணவர், தத்தம் ஊர்ப் பழுதுபார்க்கும் கடைகளில் வழங்கும் சொற்களையும் அவற்றோடு சேரும் வினைகளையும் ஊர்ப்பெயருடன் தொகுப்பாராயின் இவ்வாராய்ச்சி மேலும் விளக்கமுறும். வாடகை வண்டிக் கடைகள் பல மறைந்து, பழைய தொழிலாளரும் அருகிவருதலின், அத்தொகுப்பு விரைந்து செய்யத்தக்கது.