பக்கத்தில் கேட்காத குரல்

பேரிடர்க் கதைகளில் ரேடியோவுக்கு ஒரு நிரந்தர வேடம் உண்டு. எல்லாம் போன பிறகு கரகரவென்று ஒரு பெட்டி உயிர்பெறும், “யாராவது இருக்கீங்களா?” என்று ஒரு குரல் கேட்கும், பதில் வரும், இசை உயரும். உண்மையில் சிரமமே பதில் வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. அமெச்சூர் ரேடியோவை மையமாக வைத்த இரண்டு பழைய படைப்புகள் இதை வேறு வேறு கோணங்களில் தொடுகின்றன.

முதலாவது, கிறிஸ்தியான்-ழாக் இயக்கிய ‘சி தூ லே கார் து மோந்த்’ (1956) என்ற பிரெஞ்சுப் படம். வடகடல் பகுதியில் ஒரு மீன்பிடிக் கப்பல். கெட்டுப்போன பன்றி இறைச்சியைச் சாப்பிட்ட மாலுமிகள் ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். பன்றி இறைச்சியைத் தொடாத முஸ்லிம் மாலுமி ஒருவர் மட்டும் நலமாக இருக்கிறார். உதவி கேட்கும் குரல் ஆப்பிரிக்காவின் டோகோவில் இருக்கும் ஒரு அமெச்சூரின் காதில் விழுகிறது. அங்கிருந்து பாரிஸ், பிறகு ஜெர்மனி என்று செய்தி கைமாறுகிறது. பனிப்போரின் கோட்டைத் தாண்டி மருந்து பயணமாகிறது.

நார்வே பக்கம் தத்தளிக்கும் கப்பலின் குரல் சுமார் 6,000 கிலோமீட்டர் தள்ளி டோகோவில் கேட்பதா? திரைக்கதைக்காரரின் வசதி என்றுதான் முதலில் தோன்றும். இல்லை, இயற்பியல் அப்படித்தான் இருக்கிறது. சிற்றலை இரண்டு வழியாகப் போகிறது. தரையை ஒட்டிப் போகும் அலை சில பத்து கிலோமீட்டர்களிலேயே சோர்ந்துவிடும். மேலே போவது அயனமண்டலத்தில் வளைந்து வெகுதூரம் தள்ளித் தரை இறங்கும். இரண்டுக்கும் நடுவே எதுவுமே கேட்காத ஒரு வளையம் இருக்கிறது. ஸ்கிப் ஸோன் என்பார்கள். பக்கத்து ஊர் செவிடாக இருக்கும்போது வேறொரு கண்டம் தெளிவாகக் கேட்கும். பக்கத்து மாவட்டத்தோடு பேச வேண்டுமென்றால் ஆன்டெனாக் கம்பியைத் தாழக் கட்டி, குறைந்த அதிர்வெண்ணில், அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பித் திரும்பி விழச் செய்ய வேண்டும். அருகில் இருப்பவரை அடையத் தனியாக ஒரு வேலை செய்தாக வேண்டும். படம் இந்த விநோதத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

யோசித்தது, அப்படிச் செய்கிறோம் என்று தெரியாமலே, ஒரு நகைச்சுவை. 1961இல் பிபிசி ஒளிபரப்பிய ‘தி ரேடியோ ஹாம்’. எழுதியவர்கள் கால்டனும் சிம்ப்சனும். நடித்தவர் டோனி ஹான்காக். அவர் அறை முழுக்கக் கருவிகள். கடல் கடந்தெல்லாம் சிநேகிதர்கள். பக்கத்து அறைக்காரரோடு மட்டும் ஒத்துப்போகாது. இது மனிதர்களின் ஸ்கிப் ஸோன். திடீரென்று மூழ்கும் படகிலிருந்து ஆபத்து அழைப்பு வருகிறது. கருவி இருக்கிறது, ஆசை இருக்கிறது, சிக்னலும் இருக்கிறது. இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளப் பார்த்தால் பென்சில் முனை ஒடிகிறது. நாம் சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும் வயிற்றில் ஏதோ பிசைகிறது, ஏனென்றால் அந்தப் பக்கம் ஒருவர் மூழ்கிக்கொண்டிருக்கிறார்.

என் கணக்கில், இரண்டில் நேர்மையானது ஹான்காக்தான். நல்ல மனசு போதும் என்று பிரெஞ்சுப் படம் நம்புகிறது. சங்கிலியின் அன்பைக் காட்டும் அளவுக்கு அதன் உழைப்பைக் காட்டுவதில்லை. உழைப்பு என்றால் என்ன? அமெரிக்க அமெச்சூர்களின் சங்கத்துக்கு 1914இல் பெயர் வைக்கும்போதே ‘ரிலே’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். ஒரே தாவலில் எட்டாத இடத்துக்குக் கைமாற்றிக் கொண்டுபோவதுதான் அன்றைய நோக்கம். அவர்களுடைய செய்திப் படிவத்தில் செய்தி எண்ணோடு சொற்களின் எண்ணிக்கையும் இருக்கும். வாங்குபவர் எண்ணிப் பார்ப்பார். குறைந்தால் திரும்பச் சொல்லச் சொல்வார். நாங்கள் மென்பொருளில் செக்ஸம் என்று செய்வதை அவர்கள் பென்சிலால் செய்தார்கள். ஒரு அலைவரிசையில் பல நிலையங்கள் கூடினால் ஒருவர் கட்டுப்பாட்டை ஏற்பார். அவர் கூப்பிடும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அதாவது, இந்தக் கலையில் முக்கால்வாசி சும்மா இருப்பது. கேமராவுக்கு இது பிடிக்காது. என்ன செய்ய?

இந்த இரண்டு படைப்புகளும் சொல்லாத ஒன்றை 2004 டிசம்பர் சொன்னது. அந்தமானில் பல ஆண்டுகளாக அமெச்சூர் ஒலிபரப்புக்கு அனுமதி இல்லை. அனுமதி பெற்று, பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேர் போயிருந்தது. அரிய இடம் என்பதால் உலகமெங்கும் இருந்து ஹாம்கள் அவர்களோடு ஒரு வார்த்தை பேசிவிட முண்டியடித்தார்கள். ஒரு விதத்தில் தபால்தலை சேர்ப்பது மாதிரியான பொழுதுபோக்குதான். 26ஆம் தேதி காலை நிலம் குலுங்கியது, சுனாமி வந்தது, தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அதே கருவி, அதே ஆட்கள். இப்போது உறவினர்களின் நலம் விசாரிக்கும் செய்திகள். ஆயிரம் மைல் தாண்டி “கேக்குதா?” என்று விளையாடிய பழக்கம், அந்தக் காலையில் பயிற்சியாக மாறிவிட்டது. ஹான்காக்கிடம் இல்லாமல் போனது இதுதான். அவரிடம் பொழுதுபோக்கு இருந்தது, ஆனால் அது பழக்கமாக ஆகவில்லை.

நம்மிடம் இருப்பது செல்போன் வலையமைப்பு. கோபுரத்துக்கு மின்சாரம், பாட்டரி, டீசல்; கோபுரத்திலிருந்து தரைக்கடியில் கேபிள். எங்கே அறுந்தாலும் கையில் இருக்கும் கருவி வெறும் கண்ணாடி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகள் இதை அனுபவித்தன. ஹாம் நிலையத்துக்கு நடுவில் யாரும் வேண்டாம்: ஒரு கார் பாட்டரி, ஒரு செட், கொஞ்சம் கம்பி. ஆனால் கம்பியை எவ்வளவு உயரத்தில் கட்டுவது, எப்போது பேசாமல் இருப்பது என்று முன்னாடியே தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆளை நம் கதைகள் இன்னும் எழுதவில்லை என்று நினைக்கிறேன். வெள்ளத்தில் நீந்திப் போகிறவரையும் படகு ஓட்டுகிறவரையும் எழுதிவிடுவோம். இரவு முழுக்கக் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய அத்தையின் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து எழுதி, சொற்களை எண்ணி, அடுத்த நிலையத்துக்குத் தள்ளிவிடுகிறவரை எழுதுவது கஷ்டம். அவருக்கு அந்த அத்தை யாரென்றே தெரியாது; அந்தச் செய்திக்குப் பதில் வந்ததா என்பதும் தெரியாமலே போகலாம். பிரெஞ்சுப் படம் அவரை நாயகனாக்கியது. ஹான்காக் கோமாளியாக்கினார். குமாஸ்தாவாகவே விட்டுவைத்து, ஒரு குமாஸ்தாவின் கவனத்தால் உயிர்கள் பிழைக்கின்றன என்று யாராவது எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.